மலைக்கு மலை வைஃபை: நூற்றாண்டு நிதியை எதில் போடுவது?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடையில் நிற்பது ஒருவர்தான் என்றாலும் இந்தப் பேச்சு எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியர்களான நால்வருடையது. இருவர் கொழும்பில், ஒருவர் பதுளையில், ஒருவர் லண்டனில். நால்வரும் சேர்ந்து எழுதித் திருத்தி, யார் வாசிப்பது என்று சீட்டுப் போட்டோம். ஆகவே "நாங்கள்" என்று வரும் இடங்களில் அதை மரியாதைப் பன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நூற்றாண்டு நிதியைக் கொண்டு ஊவாவில் ஒரு தோட்டத்து மருந்தகத்துக்கும் அதன் பக்கத்துப் பாடசாலைக்கும் இணைய வசதி செய்து கொடுப்பது என்று செயற்குழு யோசனை வைத்திருக்கிறது. மாதம் ஒருமுறை அங்கே மருத்துவ முகாமுக்குப் போய் வருகிறவர்கள் என்பதால் எங்களிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். யோசனை நல்லது. வரவு செலவுத் திட்டத்தில்தான் எங்களுக்கு மறுப்பு. பணத்தின் பெரும்பகுதி கருவிகளுக்கு என்று போட்டிருக்கிறது. அதை மாற்றச் சொல்லிக் கேட்கவே வந்திருக்கிறோம்.

முதலில் அந்தக் கருவி என்னவென்று சொல்லிவிடுகிறோம். போன கூட்டத்தில் ஓர் அக்கா எழும்பி, "எங்கள் வீட்டு வைஃபை குசினிக்குப் போனாலே விட்டுவிட்டு வருகிறது, அது எப்படி மலை தாண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டில் இருக்கும் பெட்டி ஒரு மின்குமிழ் மாதிரி. எல்லாத் திசைக்கும் கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சம் கொடுக்கும். அதே சக்தியை ரோச் லைற்றைப் போல ஒரு கிண்ணத்துக்குள் குவித்து ஒரே திசையில் விட்டால் கிலோமீற்றர் கணக்கில் போகும். மறுமுனையிலும் அப்படி ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். கருவி விலை கூடியதல்ல. வெளியில் மழையிலும் வெயிலிலும் நிற்கக்கூடிய, அன்ரெனாவுடன் சேர்ந்த பெட்டி ஒன்றை ஐம்பது முதல் நூறு டொலருக்குள் வாங்கலாம். ஓர் இணைப்புக்கு இரண்டு பெட்டி.

கொழும்புப் பிள்ளைகளுக்குக் கொழும்புக் கணக்கிலேயே சொல்லலாம். வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியின் உச்சியிலிருந்து கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம்வரை நேர்கோட்டில் எட்டு கிலோமீற்றர் அளவு வரும். விடியப் புறப்பட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுப்பாடத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு அந்தத் தூரம் நன்றாகத் தெரியும். வானொலி அலை ஒரு மைக்ரோசெக்கனில் 300 மீற்றர் போகும். எட்டுக் கிலோமீற்றருக்கு 27 மைக்ரோசெக்கன். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. நடுவில் இருப்பவைதான் பிரச்சினை. நாங்கள் படித்த காலத்தில் அந்தக் கோடு பெரும்பாலும் வெறும் ஆகாயத்தில் போயிருக்கும். இன்று அது கொம்பனித்தெருப் பக்கத்து உயர்ந்த கட்டடங்களுக்குள் புகுந்து, தாமரைக் கோபுரத்தின் பக்கத்தால் போக வேண்டும். மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தாலும் போதாது. அலை நூல்போலப் போவதில்லை; நடுவில் சுரைக்காய்போலப் பருத்துப் போகும். எட்டுக் கிலோமீற்றர் இணைப்பின் நடுப்பகுதியில் கோட்டைச் சுற்றி 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு ஏறக்குறைய 16 மீற்றரும், 5.8 கிகாஹேர்ட்ஸ் அலைக்குப் பத்து மீற்றரும் வெளி விடவேண்டும். அதற்குள் ஒரு தென்னை தலையை நீட்டினால், அதுவும் மழையில் நனைந்த ஓலை என்றால், இணைப்பு தளர்ந்துவிடும்.

இன்னொரு தடையும் இருந்தது. அது கருவிக்குள்ளேயே இருந்தது. வைஃபை ஒரு பொட்டலம் தகவலை அனுப்பினால், மறுபக்கம் "கிடைத்தது" என்று சொல்லும்வரை அடுத்ததை அனுப்பாது. வீட்டுக்குள் அந்தப் பதில் உடனே வரும். மலை தாண்டிய தூரத்தில் பதில் வந்து சேருமுன்னரே "காணவில்லை" என்று முடிவுகட்டி அதே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அதோடு மறுமுனை பேசத் தொடங்கியது நேரத்துக்குக் காதில் விழாததால் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். கலிபோர்னியாவில் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புறூவரின் குழு இதற்கு ஒரு வழி செய்தது. கருவியை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் ஓடும் ஒழுங்கை மாற்றினார்கள்: இரண்டு முனைகளும் முறைவைத்துப் பேச வேண்டும், பல பொட்டலங்களுக்கும் சேர்த்து ஒரே பதில் போதும். 2007இல் வைல்ட்நெட் என்ற பெயரில் அதை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் வெனிசுலாவில் எர்மான்னோ பியெத்ரோசெமொலி என்ற பேராசிரியர் மலையிலிருந்து மலைக்கு 382 கிலோமீற்றர் இணைத்துக் காட்டினார். இப்போது கடையில் கிடைக்கும் வெளிப்புறப் பெட்டிகள் பலவற்றில் இந்த ஏற்பாடுகள் தொழிற்சாலையிலேயே போட்டு வருகின்றன. ஆகவே அந்த அக்காவின் கேள்விக்குப் பதில்: தாண்டும்.

தாண்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு எங்களுக்குக் கிட்டிய உதாரணம் தமிழ்நாட்டில் தேனி.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை இந்தச் சபைக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அங்கே கண் காட்டிவிட்டு வந்த அம்மாமார் பலருடைய வீட்டில் இருப்பார்கள். 1976இல் டொக்டர் வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கியது. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன நிலையிலும் சத்திரசிகிச்சைக் கத்தி பிடித்த மனிதர் அவர். தேனியில் அவர்களுடைய கிளை ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள போடிநாயக்கனூர் போன்ற சிறு ஊர்களில் சின்னச் சின்னக் கண் நிலையங்களைத் திறந்தார்கள். அங்கே வைத்தியர் இல்லை. பயிற்சி பெற்ற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பழக்குவது அரவிந்தின் வழக்கம். அந்தப் பிள்ளை நோயாளியின் கண்ணைப் பரிசோதித்து, விபரம் எழுதி, படம் எடுத்து, கமராவுக்கு முன்னால் இருத்துவார். தேனியில் இருக்கும் வைத்தியர் பார்த்து, நோயாளியோடு நேரே கதைத்து, கண்ணாடியா, மருந்தா, சத்திரசிகிச்சையா என்று சொல்லிவிடுவார். பெரும்பாலானவர்கள் பஸ் ஏறாமலே வீட்டுக்குத் திரும்பலாம். அன்று அந்த ஊர்களில் இதற்குப் போதுமான இணைய வேகம் கிடைக்கவில்லை. பேர்க்லிக் குழுவும் அரவிந்தும் சேர்ந்து கம்பங்களில் அன்ரெனா கட்டி, பத்துப் பதினைந்து கிலோமீற்றர்வரை வைஃபையால் இணைத்தார்கள். இந்தியா 2005 ஜனவரியில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளியிலும் பாவிக்கலாம் என்று திறந்துவிட்டது இதற்கு வழிவிட்டது.

எங்களுக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு வந்த கதை. 2008இல் அதே குழு, கட்டிய இணைப்புகளை உயிரோடு வைத்திருக்கப் பட்ட பாட்டை எழுதியது. வைத்தியர்கள் எல்லாரும் வாசிக்க வேண்டிய கட்டுரை. நோயாளி ஏன் இறந்தார் என்று ஒளிக்காமல் எழுதிய அறிக்கை போன்றது. அலை எங்கேயும் பெரிய குற்றவாளி இல்லை. கரண்ட்தான். 230 வோல்ற் இருக்கவேண்டிய கம்பியில் கண நேரத்துக்கு அதன் மடங்குகள் பாயும். அடுத்த மணித்தியாலம் விளக்கும் மினுங்காத அளவுக்கு இறங்கும். பெட்டிகள் கருகும். கருகாதவை அரைகுறைக் கரண்டில் எழும்பவும் மாட்டாமல் படுக்கவும் மாட்டாமல் நிற்கும். திடீரென அணைந்ததில் உள்ளே இருக்கும் நினைவட்டை பழுதாகிவிடும். பழுது என்னவென்று பார்க்கப் பக்கத்தில் ஆள் இல்லை. தெரிந்தவர்கள் இருப்பது கடல் கடந்து. அவர்கள் தூரத்திலிருந்து பார்க்கவும் அதே இணைப்பு வேண்டும், அதுவோ படுத்துக் கிடக்கிறது. கடைசியில் அவர்கள் செய்தவை இரண்டு. மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சூரிய சக்திக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைத் தாங்களே உருவாக்கினார்கள். பராமரிப்பை அந்த ஊர் ஆட்களுக்குப் பழக்கி அவர்கள் கையில் விட்டார்கள்.

நேபாளத்தில் மகாபீர் புன் என்ற ஆசிரியர் செய்ததும் இதே. நாங்கி என்ற மலைக் கிராமம். உள்நாட்டு யுத்த காலம். இந்தக் கருவிகளை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை. உதவிக்கு வந்தவர்கள் பைகளுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார்கள். முதல் அன்ரெனாக்களை மரத்தில் கட்டினார்கள். பிறகு பொக்கரா ஆஸ்பத்திரி வைத்தியர்களோடு கிராமத்து மருந்தகங்கள் கதைத்தன. 2007இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அவர் அந்த ஊரிலேயே பிறந்து, போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். அது இல்லாவிட்டால் மரத்தில் கட்டியது அடுத்த மழையோடு போயிருக்கும். எங்கள் நாட்டிலும் 2006 அளவில், வில்பத்துக் காட்டோரத்து மகாவிலச்சியவில் வீடு வீடாகக் கம்பியில்லா இணையம் கொடுத்தார்கள். அதைத் தொடங்கியவரும் ஓர் ஆசிரியரே.

இனி எங்கள் தோட்டம். மருந்தகத்தில் ஒரு மருத்துவிச்சி, ஒரு மருந்தாளர். பெரிய ஆஸ்பத்திரி பள்ளத்தாக்கின் குறுக்கே பதினொரு கிலோமீற்றர். ரோட்டால் போனால் நாற்பதுக்கு மேல். முகாமில் எங்களை அதிகம் உறுத்துவது சீனி வருத்தம். வருத்தத்தைவிட அது கண்ணில் செய்வது. விழித்திரையில் இரத்தக் குழாய் கசிவது நோவதில்லை, சிவப்பதில்லை, ஆரம்பத்தில் பார்வையும் குறையாது. வருடத்துக்கு ஒருதடவை படம் எடுத்துப் பார்த்தால் பிடித்து, லேசர் கொடுத்து நிறுத்தலாம். பார்வை மங்கிய பிறகு வந்தால் பலதும் கைமீறியிருக்கும். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா அப்படித்தான் எங்களிடம் வந்தார். ஒன்பது வருடச் சீனி. ஒரு கண்ணில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஏன் கிளினிக்குக்குப் போகவில்லை என்று கேட்டால், போனால் அன்றைய பேர் விழாது, கூட வருகிற மகளுக்கும் விழாது, பஸ்காசு வேறு என்றார். இரண்டு நாட்சம்பளத்தை, நோகாத ஒரு கண்ணுக்காக யார் விடுவார்? அவருடைய மற்றக் கண்ணுக்கு லேசர் கொடுத்திருக்கிறது.

விழித்திரைப் படம் ஒன்று ஐந்து மெகாபைற் அளவு இருக்கும். இரண்டு மெகாபிட் வேக இணைப்பில் இருபது செக்கனில் போய்விடும். நாங்கள் படித்த காலத்து டயல்-அப் இணைப்பு நினைவிருக்கிறதா, கிர்ர் என்று கத்துமே, அதில் என்றால் இருபது நிமிடம். காலி வீதிக் கொமியூனிகேஷன் கடைகளில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கி, வெளிநாட்டிலிருந்து மகன் எடுக்கும் மூன்று நிமிடக் கோலுக்காகக் காலையிலிருந்து மாலைவரை வாங்கில் இருந்த அம்மாமாரை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். சிலருக்கு அது சொந்த அம்மா. ஒரு பதிலுக்காக நாட்கணக்கில் காத்திருப்பது என்னவென்று இந்தச் சங்கத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

"இப்போது எல்லாரிடமும் கைபேசி இருக்கிறதே, இது எதற்கு?" என்ற கேள்வி வரும். அந்தத் தோட்டம் மலையின் நிழலில் இருக்கிறது; லயத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறை ஏறுகிறார்கள். போன 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையகம் சரிந்தபோது இருந்த சிக்னலும் போனது. கோபுரம் நின்றாலும் கரண்ட் இல்லை, கேபிள் இல்லை. ஸ்டார்லிங்க் இலங்கைக்கு அதே ஆண்டு ஜூலையில் வந்துவிட்டது என்பதும் உண்மை. அதன் மாதக் கட்டணத்தை ஒரு மருந்தகம் தனியே தாங்காது. ஆனால் ஓரிடத்தில் ஒன்றை வைத்து, அங்கிருந்து மருந்தகம், பாடசாலை, பக்கத்துத் தோட்டம் என்று நாலைந்து இடங்களுக்கு நாங்கள் சொல்லும் மலிவுப் பெட்டிகளால் பகிர்ந்தால் கணக்கு வேறு. அதையும் யோசிக்கலாம். எதைச் செய்தாலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டு, அனுமதியோடு செய்ய வேண்டும்.

இப்போது வரவு செலவு. மருந்தகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு மேடு மறிக்கிறது. ஆகவே மேட்டின் உச்சியில் ஓர் இடைநிலையம் வேண்டும்: இந்தப் பக்கம் பார்த்து ஒரு பெட்டி, அந்தப் பக்கம் பார்த்து ஒரு பெட்டி. அங்கே கரண்ட் இல்லை. பெட்டி ஒன்று பத்து வாற் எடுத்தால் இரண்டுக்கும் நாளொன்றுக்கு 480 வாற்மணி. 12 வோல்ற், 100 அம்பியர்மணி ஈய பற்றரி ஒன்றில் 1,200 வாற்மணி இருந்தாலும், பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். பாவிக்கக் கிடைப்பது 600. அதாவது ஒரு பற்றரி ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேல். அந்த மலையில் புகார் மூடினால் நாலு நாள் வெயில் முகம் தெரியாது. நாலு பற்றரி, அதற்கேற்ற தகடுகள், மின்னல் காப்பு, குரங்கு தொங்கினாலும் அசையாத கம்பம். பற்றரிகளை மூன்று நாலு வருடத்தில் மாற்றவும் வேண்டும். செயற்குழுவின் பட்டியலில் பெட்டிகள் ஏழு வரியில் இருக்கின்றன. பற்றரி ஒரு வரி, மாற்றுப் பற்றரி இல்லவே இல்லை. குறைந்த வாற் எடுக்கும் பெட்டியாகத் தெரிந்தால் இந்தக் கணக்குப் பாதியாகலாம் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

ஆட்களுக்கென்று பட்டியலில் ஒரு சதமும் இல்லை. அதற்குத்தான் முதலில் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. நிதியில் பாதியை நிலையான வைப்பில் போட்டு, அந்த வட்டியில் தோட்டத்திலேயே க.பொ.த. உயர்தரம் முடித்த இரண்டு பெண் பிள்ளைகளுக்கு மாதக் கொடுப்பனவு கொடுக்க வேண்டும். ஒருவர் கமராவைப் பழகி விழித்திரைப் படம் எடுப்பார். மற்றவர் பற்றரி பார்ப்பார், இணைப்பு நொண்டினால் மேட்டுக்கு ஏறிப் பார்ப்பார். ஒருவர் கலியாணம் செய்து போனாலும் மற்றவர் இருப்பார். அதனால்தான் இருவரும் இரண்டு வேலையையும் பழக வேண்டும். பெண் பிள்ளைகள் கம்பம் ஏறுவார்களா என்று கூட்டத்தில் ஒரு முணுமுணுப்புக் கேட்டது. கல்லூரி மாமரத்தில் ஏறியதற்காக முழங்காலில் நின்றவர்கள் இந்த முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டோம்.

பிறகு மறுமுனை. இருபது செக்கனில் போன படத்தை மூன்று கிழமை யாரும் பார்க்காவிட்டால் அந்த அம்மா பஸ்ஸிலேயே போயிருக்கலாம். கண் சிகிச்சை கிளினிக்கோடு பேசி, கிழமையில் இன்ன நாள் இன்ன நேரம் படங்கள் பார்க்கப்படும் என்று முதலில் எழுத்தில் வாங்க வேண்டும். பதுளையில் இருக்கும் எங்கள் தோழி அதற்குப் பேச்சைத் தொடங்கியிருக்கிறார். வெளிநாட்டில் கண் வைத்தியர்களாக இருக்கும் தங்கைமார் உதவ ஆசைப்படுகிறார்கள். பயிற்சியில், சந்தேகமான படங்களைப் பற்றிக் கதைப்பதில் தாராளமாக உதவலாம். ஆனால் சிகிச்சை முடிவு இலங்கை மருத்துவ சபையில் பதிந்த வைத்தியருடையதாகவே இருக்க வேண்டும். எழுத்தில் அந்த ஒப்புதல் வரும்வரை ஒரு பெட்டியும் வாங்கக் கூடாது என்றும் எங்கள் திருத்தத்தில் சேர்த்திருக்கிறோம். அதனால் நூற்றாண்டு வருடத்துக்குள் திறப்பு விழா வைக்க முடியாமல் போகலாம். நாடா வெட்டும் படம் இந்த மலரில் வராது. அதைப் பொறுத்துக்கொள்ளும்படி செயற்குழுவைக் கேட்கிறோம்.

திருத்தம் பிற்பகல் அமர்வில் வாக்கெடுப்புக்கு வரும். லண்டன், ரொறன்ரோ, சிட்னிக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் மிஞ்சிய ரவுட்டர்களைப் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம். அவை வீட்டுக்குள் பாவிக்கச் செய்தவை. வானொலிக் கருவிகளை இறக்குவதற்கு இங்கே அனுமதி எடுக்கவும் வேண்டும். உத்தரவாதத்தோடு கொழும்பிலேயே வாங்கினால் பழுதானால் திருப்பிக் கொடுக்கலாம். அனுப்ப விரும்புவோர் பற்றரிக் கணக்குக்குப் பணமாக அனுப்புங்கள்.

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள் இங்கே எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். அந்த மேட்டுக்குப் பதிலாக, கரண்ட் உள்ள ஒரு கோவிலோ பாடசாலையோ இரண்டு பக்கமும் தெரியும் உயரத்தில் இருந்தால் பற்றரிச் செலவில் பெரும்பகுதி மிஞ்சும். தேநீர் இடைவேளையில் வாசலோர மேசையில் வரைபடத்தோடு இருப்போம். வந்து விரல் வைத்துக் காட்டுங்கள்.